தாசோபாவிலிருந்து வந்த டிஸ்க்

2006 பிப்ரவரியில் தாசோபா ஊருக்குப் போன எங்கள் எக்ஸ்ரே வண்டியில் கம்ஷாத் இருந்தாள், ஓட்டுநர் செய்ல்கான் இருந்தார், திரும்பும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய நெஞ்சுப் படங்களும் இருந்தன. இந்த மூன்றில் ஒன்றுகூட முழுசாக வந்து சேரவில்லை.

நான் மாவட்ட டி.பி. ஆஸ்பத்திரியில் படம் பார்த்துச் சொல்கிற டாக்டர். கம்ஷாத் ஊர் ஊராகப் போய் எடுத்து வருவாள், நான் இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. அவள் டாக்டர் இல்லை. ஆனால் நான் இரண்டு தடவை பார்த்துச் சந்தேகப்படுகிற நிழலை அவள் படம் எடுக்கும்போதே கண்டுபிடித்திருப்பாள். கவரின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து அனுப்புவாள். தன் கண்ணில் பட்டது என்று அதற்கு அர்த்தம். அவள் பத்தொன்பது வயதில் டி.பி. வந்து, ஒரு எக்ஸ்ரே சரியான நேரத்தில் பிடித்துக் கொடுத்ததால் பிழைத்தவள். வலது நுரையீரலில் அந்த வடு இன்னும் இருந்தது. அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

2004 வரை பிலிம்தான். பிலிமுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் வண்டியின் பின்பெட்டியில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். பொருத்த வந்தவர் நல்ல மனுஷன். பெட்டியின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்: பத்து டிகிரிக்குக் கீழே இயக்கக் கூடாது.

செய்ல்கான் அதைப் படித்துவிட்டு, "இந்தக் காகிதத்தை வானத்துல ஒட்டச் சொல்லு தங்கச்சி. அங்க இருக்கிறவருதான் படிக்கணும்" என்றார்.

ஸ்டெப்பி என்கிற எங்கள் மரமில்லாத புல்வெளியில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பத்து டிகிரி என்பது வீட்டுக்குள் மட்டும்தான் உண்டு. பின்பெட்டியில் ஒரு பெட்ரோல் கணப்பு இருந்தது. அது எரிகிறவரை சமாளிக்கலாம். அணைந்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் வாளி கல்லாகிவிடும்.

முதல் குளிர்காலத்திலேயே கம்ஷாத் பட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் காலையில், ராத்திரி முழுக்க உறைந்து கிடந்த கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டாள். படங்கள் பதிவாகிற ஹார்ட் டிஸ்க் சுற்றவில்லை. உள்ளே மோட்டாரில் இருக்கிற எண்ணெய் குளிரில் கெட்டியாகிவிடும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சரி, சூடுபடுத்துவோம் என்று கழற்றி, ஊர் நர்ஸ் வீட்டுக்குள் கொண்டுபோனாள். வெளியிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் கண்ணாடி மூடிக்கொள்வது மாதிரி, டிஸ்க் முழுக்க ஈரம் பூத்தது. துடைத்துவிட்டு அப்படியே மாட்டினாள். அறுபத்து நான்கு பேர் படம் போயிற்று. மறுபடி அந்த அறுபத்து நான்கு பேரையும் சட்டையைக் கழற்றி நிற்க வைத்தபோது அவர்கள் திட்டிய திட்டு என் காதுக்கே வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். வண்டி ஓடும்போது கம்ப்யூட்டர் ஓடக் கூடாது. எங்கள் சாலையில் குலுங்குகிற குலுக்கலுக்கு டிஸ்க் தாங்காது. வேலை முடிந்ததும் டிஸ்க்கை உருவி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றில்லாமல் கட்டி, கம்பளியில் தானே தைத்த உறைக்குள் நுழைத்து, கழுத்தில் மாட்டி ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொள்வாள். உடம்புச் சூட்டிலேயே இருக்கும். காலையில் கணப்பைப் போட்டுப் பின்பெட்டி சூடான பிறகுதான் மாட்டுவாள். சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அதோடுதான்.

"பிள்ளை தூங்கிருச்சா?" என்று செய்ல்கான் ஒவ்வொரு ஊரிலும் கேட்பார்.

"தூங்குது. சத்தம் போட்டு எழுப்பிவிடாதீங்க அண்ணே. நீங்கதான் அப்புறம் பால் கொடுக்கணும்" என்பாள்.

சீடீயில் பிரதி எடுத்துவைக்கிற கருவி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அது முந்தைய டிசம்பரிலேயே உயிரை விட்டது. புதிது கேட்டு மூன்று தடவை எழுதினாள். மூன்றாவது கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை. அந்தச் சுற்றுக்கு அது இல்லாமலே கிளம்பினார்கள்.

தாசோபா அந்தச் சுற்றில் மூன்றாவது ஊர், கடைசி ஊர். மொத்தம் தொண்ணூற்றாறு பேர். அங்கே ஊர் நர்ஸ் உல்போசின். ஐம்பத்திரண்டு வயது. மருத்துவ அறை, ஊருக்கு ஒரே தொலைபேசி, தடுப்பூசி, பிரசவம் எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பு. வரிசையை நிறுத்துவதில் அவரைப் போல ஆள் எங்கள் மாவட்டத்திலேயே கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டைக் கொடுத்து, தோளைப் பிடித்து ஏற்றிவிடுவார். கம்ஷாத் ஈயத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டை வாங்கி, எண்ணைத் தட்டி, "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்பாள். படம் திரையில் வர இருபது வினாடி ஆகும். அதற்குள் அந்த ஆள் இறங்கி, அடுத்த ஆள் ஏறி நிற்பார்.

பதினொரு மணி வாக்கில் வடக்கே வானம் சாம்பல் நிறமாயிற்று. செய்ல்கான் வந்து பின்கதவைத் தட்டினார்.

"கம்ஷாத், காத்து திரும்புது. அரை மணியில கிளம்பலைன்னா இங்கயே கல்யாணம் பண்ணிக் குடியேற வேண்டியதுதான்."

"இன்னும் முப்பத்தொரு பேர் இருக்காங்க."

"அவங்களை அடுத்த வருஷம் எடு."

உல்போசின் வெளியிலிருந்து கத்தினார்: "அடுத்த வருஷம் நீ உயிரோட இருப்பியா கெழவா? தள்ளி நில்லு. ஏறுங்கம்மா, ஏறுங்க! பட்டனை ஏறும்போதே கழட்டுங்க!"

முப்பத்தொரு பேரையும் முப்பத்தைந்து நிமிஷத்தில் எடுத்தாள். அந்த அவசரத்தின் நடுவில் திரையில் ஒரு படம் வந்தது. வலது மேல் பக்கம், காலணாக் காசு அளவுக்கு ஒரு குழி, சுற்றிலும் பஞ்சு மாதிரி நிழல். பத்தொன்பது வருஷத்தில் அவள் பார்த்தவற்றில் சந்தேகமே இல்லாத ஒன்று. எண்ணைக் குறிக்கப் பேனாவை எடுத்தாள். அந்த நேரம் ஒரு கிழவர் படியில் வழுக்கி விழுந்தார். அவரைத் தூக்கிவிட்டு வந்தபோது திரையில் வேறு படம். பரவாயில்லை, சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். எல்லாம் டிஸ்க்கில்தானே இருக்கிறது.

கிளம்பும்போது உல்போசின் ஒரு துணிப்பையில் சூடாகப் பொரித்த மாவுருண்டைகள் கொடுத்தார்.

வண்டி இருபத்தாறு கிலோமீட்டர் ஓடியது. பிறகு இருமியது, திணறியது, நின்றது. டீசல் உறைந்து கூழாகிவிட்டது. குளிர்கால டீசல் என்று சொல்லிக் கொடுத்ததில் பாதி கோடைக்கால டீசல் என்று பிறகு தெரிந்தது. அப்போது வெளியே மைனஸ் முப்பத்தாறு, கூடவே காற்று. எதிரே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

இதற்கு ஒரு வழி எங்கள் ஊர் ஓட்டுநர் எல்லோருக்கும் தெரியும். பெட்ரோலில் சீறி எரிகிற ஊதுவிளக்கைப் பற்றவைத்து டாங்குக்குக் கீழே பிடித்து டீசலை இளக்குவது. செய்ல்கான் மூன்று தடவை இறங்கினார். மூன்றாவது தடவை குழாயைக் கழற்றும்போது டீசல் இரண்டு கையுறையிலும் கொட்டியது. அந்தக் குளிரில் டீசல் நனைத்த துணி என்பது பனிக்கட்டியை விட மோசம். ஏறி உட்கார்ந்து கையுறையை உருவியபோது விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன.

"வலிக்குதா அண்ணே?"

"இல்லை" என்றார். "அதான் பயமா இருக்கு."

கம்ஷாத் கோட்டைத் திறந்தாள். கம்பளி உறையை ஸ்வெட்டருக்குள்ளிருந்து வெளியே எடுத்து, டிஸ்க்கை உருவி இருக்கையில் வைத்தாள். உறையைக் கிழித்து இரண்டாக்கி அவர் கைகளில் சுற்றினாள். பிறகு அந்த இரண்டு கைகளையும் இழுத்துத் தன் ஸ்வெட்டருக்குள்ளே, வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டு கோட்டை மூடினாள். ஐஸ் வைத்தது மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

செய்ல்கான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா இந்தக் கையை வெட்டிருவா."

"பேசாம இருங்க."

"பிள்ளையை வெளியில போட்டுட்டியே."

"பேசாம இருங்கன்னு சொல்றேன்ல!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பிளாஸ்டிக் பைக்குள் டிஸ்க் கிடந்தது. உள்ளே மூன்று ஊர் ஜனங்கள். ஓட்டுநர் அறையிலும் மூச்சு உறைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்புச் சூடு ஒரு ஆளுக்குத்தான் போதும், அதையும் அவர் கைக்குக் கொடுத்தாயிற்று. குளிர்ந்தால் குளிரட்டும், குளிரில் அது சாகாது, திடீர்ச் சூட்டில்தான் சாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யாரும் அவசரப்பட்டுச் சூடுபடுத்தாமல் இருந்தால் போதும்.

அவர் கை கொஞ்சம் இளகி, வலி வந்து அவர் பல்லைக் கடிக்க ஆரம்பித்த பிறகு அவள் இறங்கினாள். மாற்றுச் சக்கரத்தைக் காற்றுக்கு மறைவில் உருட்டி, ஊதுவிளக்கின் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினாள். கரும்புகை எழுந்தது. நான்கு மணி வாக்கில் காற்று கொஞ்சம் தணிந்த நேரம், குதிரை மேய்க்கிறவர் ஒருவர் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த தன் குளிர்காலக் குடிசையிலிருந்து அந்தப் புகையைப் பார்த்து டிராக்டரில் வந்தார். பெயர் மிர்ஸாகெல்தி.

அவரும் அவர் மனைவியும் நடந்துகொண்டதற்கு நாங்கள் இன்றைக்கும் நன்றி சொல்கிறோம். செய்ல்கானைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி, பால் விட்ட தேநீரை ஊற்றினார்கள். கம்ஷாத் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமான்களை இறக்கிக்கொண்டு வந்தது அந்த மனைவி. துணிப்பை, சீட்டுப் பெட்டி, டிஸ்க். இந்தப் பொருளுக்குக் குளிர் ஆகாது என்று உள்ளே தூக்கி வரும்போது செய்ல்கான் முனகியது அந்த அம்மாள் காதில் விழுந்திருக்கிறது.

கம்ஷாத் திரும்பிப் பார்த்தபோது டிஸ்க், பிளாஸ்டிக் பையிலிருந்து எடுக்கப்பட்டு, அடுப்பு மேடையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் அந்த வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

"என்னம்மா, என்ன பண்ணினேன்? சூடாத்தானே வெச்சேன்!" என்றார் அந்த அம்மாள்.

கம்ஷாத் அடுப்புக்கு ஓடினாள். டிஸ்க்கைத் தாவி எடுத்தாள், கை சுட்டது. கீழே வைத்தாள். பிறகு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒண்ணும் பண்ணலை அக்கா, ஒண்ணும் பண்ணலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் அவர்களை டிராக்டரிலேயே நெடுஞ்சாலை வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். செய்ல்கானுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தாசோபா சாலை அன்றோடு மூடிக்கொண்டது. பனி வெட்டுகிற வண்டி ஒன்றுதான், அது தொழிற்சாலைச் சாலைக்கு. மார்ச் கடைசி வரை யாரும் போகவோ வரவோ முடியாது என்றார்கள்.

கம்ஷாத் நேராக என் அறைக்கு வந்தாள். முகத்தில் குளிர் பட்ட இடங்கள் கறுத்திருந்தன. டிஸ்க்கை மேஜையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"டாக்டரம்மா, தாசோபாவுல ஒருத்தருக்குக் குழி இருக்கு. பெரிய குழி. பரப்புற நிலைமை. யாருன்னு எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னா?"

"கடைசி முப்பத்தொரு பேர்ல ஒருத்தர். ஸ்கூல்ல சமைக்கிறவ இருக்கா, பால்வாடி ஆயா இருக்கா, ரொட்டி சுடுறவர் இருக்கார். யாரா வேணும்னாலும் இருக்கலாம். எண்ணை எழுதலை. நான் எழுதலை. எத்தனாவது ஆள், விழுந்த கிழவர் யாருன்னு அந்த அவசரத்துல எதுவும் நினைவில்லை."

தலைமை மருத்துவருக்கு விஷயம் போயிற்று. அவர் உடனே டிஸ்க்கை மாட்டிப் பார்க்கச் சொன்னார். கம்ஷாத் முடியாது என்றாள். உள்ளே ஈரம் இருக்கும், காயாமல் கரண்ட் கொடுத்தால் மிச்சமும் போய்விடும், மூன்று நாள் வேண்டும் என்றாள். ஒரு ஊர் முழுக்க நோய் பரவிக்கொண்டிருக்கும்போது மூன்று நாள் சும்மா உட்காரச் சொல்கிறாயா என்று அவர் மேஜையைத் தட்டினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்ஷாத் ஈரத்தை உறிஞ்சட்டும் என்று டிஸ்க்கைத் தினை மூட்டைக்குள் புதைத்து, மூட்டையைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, சாவியைத் தர மறுத்துவிட்டாள். அவள் அப்படி எதிர்த்து நின்று நான் பார்த்ததே இல்லை.

அந்த மூன்று நாளும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சீட்டுப் பெட்டி கையில் இருந்தது, தொலைபேசி வேலை செய்தது. முதல் நாளே உல்போசினை அழைத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உங்க உதவி வேணும். கடைசியா எடுத்த முப்பத்தொரு பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. பேரை வாசிக்கிறேன், எழுதிக்கோங்க. ஒவ்வொரு வீடா போய், யாரு இருமுறாங்க, யாருக்கு எடை குறைஞ்சிருக்கு, ராத்திரி வேர்க்குதான்னு கேட்டுச் சொல்லுங்க."

மறுமுனையில் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வாசி" என்றார் உல்போசின்.

கம்ஷாத் வாசித்தாள். இருபத்தொன்பதாவது சீட்டு வந்தபோது சிரித்தாள். "உங்க பேரும் இருக்கே அக்கா."

"ஆமா. கூட்டத்தோட கூட்டமா நானும் ஏறினேன். அடுத்ததைப் படி."

அவள் அடுத்ததைப் படித்தாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முப்பத்தொரு பேர் என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். மனதுக்குள் முப்பது பேரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

உல்போசின் அந்தக் குளிரில் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு சாயங்காலமும் கணக்காகச் சொன்னார். சமையல்காரிக்கு இருமல் இருக்கிறது, ஆனால் அடுப்புப் புகை. ரொட்டி சுடுகிறவருக்கு எடை குறையவில்லை, கூடியிருக்கிறது. பால்வாடி ஆயா ராத்திரி வேர்க்கிறது என்கிறாள், வயது அப்படி. கம்ஷாத் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துக்கொண்டாள். குறித்ததை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்னவோ, காலையில் அவள் கண்கள் சிவந்திருக்கும்.

நான்காவது நாள் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ரெனாட்டைக் கூப்பிட்டோம். தாத்தாரிய இனத்தவர், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். டிஸ்க்கைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"அக்கா, நான் பொய் சொல்ல விரும்பலை. இதுக்கு ஒரு தடவை சுத்துற உயிர்தான் இருக்கும். அதுவும் இருந்தா. எது முதல்ல வேணும்னு இப்பவே சொல்லிடுங்க."

கம்ஷாத் சீட்டுப் பெட்டியைப் பார்த்தாள். மற்ற இரண்டு ஊரிலும் இருநூற்றுப் பதினாறு பேர். அவர்களில் யாருக்கு என்ன இருந்ததோ. குளிரில் வரிசையில் நின்றவர்கள் அவர்களும்தான்.

"தாசோபா" என்றாள். "கடைசியிலேருந்து பின்னாடி."

மாட்டினார். டிக். டிக். டிக். நிறுத்தினார். பத்து நிமிஷம் விட்டு மறுபடி. டிக். கம்ஷாத் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ரெனாட் டிஸ்க்கைக் கையில் எடுத்து, சாவி திருகுகிற மாதிரி மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். ஒட்டிக்கொண்ட தட்டைப் பிரிக்கிற வழி அது. மறுபடி மாட்டினார். மெதுவாக, முனகிக்கொண்டு, அது சுற்ற ஆரம்பித்தது.

ரெனாட் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று நான்கு. ஒவ்வொரு படமும் வந்து சேர அரை நிமிஷம் எடுத்தது. சிலது பாதியில் நின்று மறுபடி ஓடியது. ஐம்பத்தெட்டு படம் வந்தது. பிறகு உலோகத்தை உலோகம் சுரண்டுகிற ஒரு சத்தம். ரெனாட் உடனே கரண்டைப் பிடுங்கினார். "அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் எங்கேயும் சுற்றவில்லை.

நான் திரை முன்னால் உட்கார்ந்தேன். கம்ஷாத் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். தொண்ணூற்றாறு, சுத்தம். தொண்ணூற்றைந்து, பழைய வடு. தொண்ணூற்று நான்கு.

"இதான்" என்றாள்.

நான் சீட்டுகளைத் தேடினேன். அவள் தேடவில்லை. எண்ணைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முப்பத்தொன்றில் இருபத்தொன்பதாவது சீட்டு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே அவங்களை அனுப்பினேன்" என்றாள். "முப்பது வீட்டுக்கும் நான்தானே அனுப்பினேன்."

தொலைபேசியில் நான்தான் பேசினேன். தாசோபாவில் அதை எடுக்க வேறு யாரும் இல்லை.

"உல்போசின், நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். படம் கிடைச்சுது."

"யாரு?" என்று அவர் கேட்கவில்லை. "வலது பக்கமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அங்கதான் குத்திக்கிட்டே இருந்துது" என்றார்.

பனி வண்டி கிடைக்கவில்லை. மிர்ஸாகெல்திதான் டிராக்டரில் போய், அவரை ஆட்டுத்தோல் போர்வைகளில் சுற்றிக் கொண்டுவந்தார். எட்டு மாதம் எங்கள் வார்டில் இருந்தார். நோய் குணமாயிற்று. ஏப்ரலில் சாலை திறந்ததும் ஊர் முழுக்க மறுபடி பரிசோதித்தோம். மற்ற இரண்டு ஊர்களுக்கும் போனோம். அங்கே இரண்டு பேருக்கு இருந்தது, ஒருவருக்கு முற்றிவிட்டிருந்தது. அவர் ஜூனில் இறந்தார். தாசோபாவில் பால்வாடி ஆயாவின் ஐந்து வயதுப் பேத்திக்கு இருந்தது. உல்போசின் அந்த வீட்டில், வீடு வீடாகப் போன அந்த வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்திருந்தார். அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தைக்கு எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதைக் கம்ஷாத்திடம் டாக்டராகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் வார்டுப் பக்கமே போகவில்லை. கருவியைக் கவனக்குறைவாகக் கையாண்டதாக அவள் மேல் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. மறுக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஆகஸ்டில் உல்போசினே அவளைத் தேடிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். வெளியே போக எழுந்தேன், உல்போசின் உட்காரச் சொன்னார்.

"ஏண்டி, என்னைப் பார்க்க வரவே மாட்டியா?"

கம்ஷாத் தலையைக் குனிந்துகொண்டாள். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது அக்கா? நான்தானே வீடு வீடா போகச் சொன்னேன்."

"நீ சொன்னே. நான் ஏன் போனேன்?"

உல்போசின் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நவம்பர்லேருந்து இருமிக்கிட்டு இருந்தேன். நான் நர்ஸ். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். எனக்குன்னு தெரிஞ்சா வேலையை எடுத்துருவாங்க, ஊர்ல யாரும் கையால தண்ணி வாங்கமாட்டாங்கன்னு பயம். அன்னைக்கு நான் ஏன் கடைசியில ஏறினேன் தெரியுமா? காத்து அடிக்கட்டும், நீங்க கிளம்பிப் போயிரணும்னு. கெழவன் கிளம்பச் சொன்னப்போ எல்லாரும் ஏறுங்கன்னு கத்தினேன் பாரு, அப்பவே தெரியும். எல்லாரும் ஏறினா நானும் ஏறணும்ல. ஏறிட்டேன். அப்புறம் நீ போன்ல பேரு படிக்கிறே. என் பேரைப் படிச்சுட்டுச் சிரிக்கிறே. அப்பவே சொல்லியிருக்கலாம். வாயில வந்துது. 'அடுத்ததைப் படி'ன்னு சொன்னேன்."

"அக்கா..."

"யார் வீட்டுலயாவது யாராவது இருமணும்னு வேண்டிக்கிட்டே போனேன், கம்ஷாத். முப்பது வீடு. எனக்கில்லாம வேற யாருக்காவது இருக்கட்டும்னு."

கம்ஷாத் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. கோபம் வந்து போனது அவள் முகத்தில் தெரிந்தது. அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று இறங்கிப் போனதும் தெரிந்தது.

"அந்தச் சின்னப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கடைசியில் கேட்டாள். அதுவரை அவள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

"மாத்திரையைத் துப்புறா. நான்தான் தினமும் வார்டுல பிடிச்சு உட்கார வெச்சுக் கொடுக்கிறேன். என்னைக் கண்டாலே ஓடுறா."

"எந்த வார்டு?"

"ரெண்டாவது மாடி, கோடியில."

கம்ஷாத் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். உல்போசின் கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் பின்னால் போனார்.